ஐந்து ஏக்கர் செம்பனைக்கும் சான்றிதழ்: எம்எஸ்பிஓ என்ன கேட்கிறது, என்ன தருகிறது

மலேசியாவில் உங்கள் பெயரில் ஐந்து ஏக்கர் செம்பனை இருந்தாலும் சரி, ஐயாயிரம் ஏக்கர் இருந்தாலும் சரி, 2020 ஜனவரி 1 முதல் எம்எஸ்பிஓ (மலேசிய நிலைத்தன்மையுள்ள செம்பனை எண்ணெய்) சான்றிதழ் கட்டாயம். பெரிய கம்பெனிகளுக்கு இதைக் கவனிக்கத் தனி ஆட்களே இருக்கிறார்கள். அப்பா விட்டுப்போன நிலத்தில் செம்பனை வைத்து, வார இறுதியில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறவருக்கு அப்படி யாரும் இல்லை. அவருக்காகவும், தோட்டங்களில் குலை வெட்டியும் மருந்தடித்தும் சம்பளம் வாங்குகிறவர்களுக்காகவும்தான் இந்த விளக்கம். இந்த விதி இரு தரப்புக்கும் சில உரிமைகளைத் தருகிறது. அது தெரியாமல், வெறும் தலைவலியாக மட்டும் இதைப் பார்க்கிறவர்கள் நம்மிடையே அதிகம்.

எம்எஸ்பிஓ என்பது மலேசிய அரசு வகுத்த ஒரு தரம். காட்டை அழிக்காமல், அடுத்தவர் நிலத்தைப் பறிக்காமல், வேலையாளைக் கசக்காமல் விளைந்த செம்பனை எண்ணெய் இது என்று, உங்களுக்கும் வாங்குகிறவருக்கும் சம்பந்தமில்லாத ஒரு தணிக்கையாளர் நேரில் பார்த்துச் சொல்வதுதான் அதன் அடிப்படை. 2013-ல் எழுதப்பட்டு, 2015-ல் விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும் நடைமுறைக்கு வந்து, ஐந்து ஆண்டுகள் கழித்துக் கட்டாயமானது. இப்போது செல்லுபடியாவது 2022-ல் திருத்தப்பட்ட பதிப்பு. 2025 ஜனவரியிலிருந்து தணிக்கை அதன்படிதான் நடக்கிறது. சான்றிதழ் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். இடையில் ஆண்டுதோறும் கண்காணிப்புத் தணிக்கை உண்டு.

ஆர்எஸ்பிஓ என்ற இன்னொரு பெயரையும் கேட்டிருப்பீர்கள். அது அரசு விதி அல்ல. எண்ணெய் வாங்குகிற பன்னாட்டு நிறுவனங்களும், தோட்ட நிறுவனங்களும், சுற்றுச்சூழல் அமைப்புகளும் சேர்ந்து 2004-ல் தொடங்கிய அமைப்பு அது. சேருவதும் சேராததும் அவரவர் விருப்பம். அந்தச் சான்றிதழ் இருந்தால் சில வாங்குநர்கள் கூடுதல் விலை தருவார்கள். எம்எஸ்பிஓவில் அப்படிக் கூடுதல் விலைக்கு உத்தரவாதம் இல்லை. சிறுதோட்டக்காரர்கள் முதலில் கேட்கிற கேள்வியே "இதனால் டன்னுக்கு எவ்வளவு கூடும்?" என்பதுதான், அதனால் இதை நேராகச் சொல்லிவிடுவது நல்லது. நாடு முழுக்க ஒரே தரம், சட்டத்தின் பின்பலத்தோடு, ஐந்து ஏக்கர்க்காரரையும் உள்ளே சேர்த்துக்கொண்டு நிற்கிறது என்பதுதான் எம்எஸ்பிஓவின் பலம். விருப்பத்தின் பேரில் நடக்கிற எந்தத் திட்டமும் சின்னவர்களை அந்த அளவுக்குச் சென்று சேரவில்லை.

சிறுதோட்டக்காரரிடம் கேட்பது என்ன

விதிப்படி 40.46 ஹெக்டருக்குக் குறைவாக, அதாவது 100 ஏக்கருக்குள், சொந்தமாகப் பயிர் செய்பவர் தனிச் சிறுதோட்டக்காரர். ஃபெல்டா, ஃபெல்க்ரா, ரிஸ்டா போன்ற அரசு நில மேம்பாட்டு அமைப்புகளின் கீழ் இருப்பவர்களுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. அவர்களுக்கான ஏற்பாட்டை அந்தந்த அமைப்பே செய்யும்.

முதல் கேள்வி நிலம் பற்றியது. நிலப்பட்டா, அல்லது அந்த நிலத்தில் பயிர் செய்ய உங்களுக்கு உரிமை உண்டு என்று காட்டும் வேறு ஆவணம் வேண்டும். கேட்பதற்குச் சுலபமாகத் தெரியும் இந்த இடத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கும். நிலத்தைப் பார்த்துக்கொள்கிறவர் ஒருவர், பெயரில் பங்குள்ளவர்கள் ஏழு பேர், அதில் இருவர் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாது. சபா, சரவாக்கில் பூர்வகுடிகளின் மரபுரிமை நிலம் என்றால் சிக்கல் வேறு விதம்: தலைமுறையாகப் பயிர் செய்தும் கையில் காகிதம் இருக்காது. வாரிசுப் பெயர்மாற்றம் முடியாமல் கிடக்கிற குடும்பங்கள், சான்றிதழைப் பற்றி யோசிக்கும் முன்பே நில அலுவலகத்தில் அந்த வேலையைத் தொடங்குவது நல்லது. நாள் பிடிப்பது அதற்குத்தான்.

அடுத்தது மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின், அதாவது எம்பிஓபியின், உரிமம். அது இல்லாமல் குலையை விற்பதே சட்டப்படி தவறு. உரிமத்தில் உள்ள பெயரும் ஏக்கர் கணக்கும் பட்டாவோடு ஒத்துப்போகிறதா என்று ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

அப்புறம் பதிவேடு. எந்தத் தேதியில் எத்தனை கிலோ குலை, யாருக்கு விற்றீர்கள், என்ன உரம் எப்போது போட்டீர்கள், என்ன மருந்து வாங்கினீர்கள் என்ற கணக்கு. விற்றதற்கான ரசீதுகளை ஒரு கோப்பில் சேர்த்து வைத்து, மற்றதை ஒரு நோட்டில் எழுதி வந்தால் சிறுதோட்டக்காரருக்குப் பெரும்பாலும் போதும். இதைக் கணினியில்தான் செய்ய வேண்டும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம்.

நிலத்தில் நேரில் பார்ப்பது கொஞ்சம் விரிவானது. மறுநடவின்போது பழைய மரங்களைக் கொளுத்தக் கூடாது; சாய்த்து, துண்டாக்கி, மக்கவிட வேண்டும். ஓடைக்கரையில் மருந்தடிக்காத ஒரு பட்டையை விட வேண்டும். மருந்து டப்பாக்களை மூன்று முறை கழுவி, ஓட்டை போட்டு, தனியாக வைக்க வேண்டும். அதில் தண்ணீர் பிடிப்பது, வாளியாக வெட்டிப் பயன்படுத்துவது எல்லாம் கூடாது. யானை, புலி, உறாங்குட்டான் போன்ற பாதுகாக்கப்பட்ட விலங்குகள் நிலத்துக்குள் வந்தால் அவற்றைக் கொல்லவோ பிடிக்கவோ கூடாது. பிள்ளைகள் பள்ளி விடுமுறையில் அப்பாவோடு தோட்டத்துக்கு வரலாம், லேசான வேலையில் கைகொடுக்கலாம். மருந்துப் பக்கமும் குலை வெட்டும் இடத்திலும் அவர்கள் நிற்கக் கூடாது.

எல்லாவற்றையும்விட அழுத்தமான நிபந்தனை காட்டைப் பற்றியது. 2019 டிசம்பர் 31-க்குப் பிறகு இயற்கைக் காட்டை வெட்டிச் செம்பனை நட்டிருந்தால் அந்த நிலத்துக்குச் சான்றிதழ் கிடையாது. எழுபது எண்பதுகளில் ரப்பரை எடுத்துவிட்டுச் செம்பனை வைத்த நிலங்களுக்கு இதனால் சிக்கல் வராது. பக்கத்துக் காட்டுக்குள் ரெண்டு ஏக்கர் தள்ளி நட்டுக்கொள்ளலாம் என்று எண்ணுகிறவர்களுக்குத்தான் வரும். வரவும் வேண்டும். ஒரு ஹெக்டர் செம்பனை தருகிற எண்ணெய் அளவுக்கு சோயா தர வேண்டுமென்றால் பல மடங்கு நிலம் தேவை. அதனால் செம்பனையே வேண்டாம் என்று சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அந்தப் பெருமையைப் பேசுகிற உரிமை, இருக்கிற நிலத்துக்குள் நிற்கும்வரைதான் நமக்கு உண்டு.

இதற்கெல்லாம் பணம்? தனிச் சிறுதோட்டக்காரர்களின் தணிக்கைச் செலவை அரசே ஏற்கும் விதமாகத்தான் இந்தத் திட்டம் வகுக்கப்பட்டது. பயிற்சி, கையுறை, முகமூடி, மருந்து வைக்கும் அலமாரி போன்றவையும் அதில் அடங்கும். ஒவ்வொருவரும் தனியாக விண்ணப்பிக்க வேண்டியதில்லை. ஒரு வட்டாரத்துச் சிறுதோட்டக்காரர்களை எம்பிஓபி ஒரு குழுவாகச் சேர்க்கிறது. ஸ்போக் என்று அழைக்கப்படும் அந்தக் குழுவுக்குச் சேர்த்துத்தான் சான்றிதழ். வட்டாரத்துக்கு என்று துனாஸ் எனப்படும் எம்பிஓபி ஆலோசனை அதிகாரிகள் இருக்கிறார்கள். அவர்களே நிலத்துக்கு வந்து என்ன குறை என்று சொல்வார்கள். ஆகவே "சான்றிதழ் எடுத்துத் தருகிறேன், இவ்வளவு கொடுங்கள்" என்று யாராவது வந்தால், முதலில் எம்பிஓபி அலுவலகத்துக்கு ஒரு போன் போடுங்கள்.

குலை ஆலைக்குப் போகும் வழி

சங்கிலியில் எனக்கு எப்போதும் கவலை தருகிற இடம், சிறுதோட்டத்துக்கும் ஆலைக்கும் நடுவில் இருக்கும் வியாபாரி. குலை வெட்டிய நாளே ஆலைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் எண்ணெயின் தரம் கெடாது. ஒரு லாரி நிறையக் குலை இல்லாத சின்னவர் வியாபாரியிடம்தான் போடுவார். அவர் பத்து இருபது பேருடைய குலையை ஒரே குவியலாகக் கொட்டி ஆலைக்கு ஏற்றுவார். சான்றிதழ் உள்ள குலை எது, காட்டை வெட்டிய நிலத்திலிருந்து வந்தது எது, திருடியது எது என்று அதற்குப் பிறகு யாராலும் சொல்ல முடியாது. 2022 பதிப்பு இந்த வியாபாரிகளையும் சான்றிதழுக்குள் கொண்டுவந்திருக்கிறது. அந்தத் திருத்தத்தில் ஆக முக்கியமான மாற்றம் இதுதான் என்பது என் கருத்து. நீங்கள் குலை போடுகிறவருக்கு எம்பிஓபி உரிமமும் எம்எஸ்பிஓ சான்றிதழும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். ரசீதில் உங்கள் உரிம எண் இருக்கட்டும்.

ஐரோப்பியச் சந்தையை நினைத்தால் இந்த விஷயம் இன்னும் அவசரமாகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் ஒரு காடழிப்புத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. செம்பனை, ரப்பர், கொக்கோ, காப்பி, சோயா, மரம், மாடு ஆகிய ஏழிலிருந்து வருகிற பொருள்களுக்கும் அது பொருந்தும். 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்தது உள்ளே வரக் கூடாது. எந்த நிலத்தில் விளைந்தது என்பதை அட்சரேகை, தீர்க்கரேகையோடு வரைபடத்தில் காட்ட வேண்டும். நான்கு ஹெக்டர் வரை ஒரு புள்ளி போதும். அதற்கு மேல் போனால் நிலத்தின் எல்லையையே வரைந்து தர வேண்டும். நடைமுறைக்கு வரும் தேதி இரண்டு முறை தள்ளிப்போய், பெரிய நிறுவனங்களுக்கு 2026 டிசம்பர் 30 என்று வைக்கப்பட்டது. அந்த அறிக்கையைக் கொடுக்க வேண்டியவர் ஐரோப்பாவில் இறக்குகிற நிறுவனம்தான், நீங்கள் அல்ல. ஆனால் உங்கள் நிலத்தின் இருப்பிடம் பதிவில் இல்லையென்றால், ஆலை உங்கள் குலையைத் தவிர்க்கப் பார்க்கும். எம்எஸ்பிஓ இருந்தால் மட்டும் அந்தச் சட்டம் நிறைவேறிவிடாது. ஆனால் அது கேட்கிற நில ஆவணமும் தேதியும் இருப்பிடமும் எம்எஸ்பிஓ கோப்பிலேயே பெரும்பாலும் தயாராக இருக்கும்.

தோட்டத்தில் வேலை செய்பவருக்கு

இனிச் சொல்வது சொந்த நிலம் இல்லாதவர்களுக்கு. 1917-ல் சிலாங்கூரின் தென்னமாராம் தோட்டத்தில் முதல் வணிகச் செம்பனை நடப்பட்டதிலிருந்து, இந்தத் தொழிலின் சுமையை நம் தமிழ்க் குடும்பங்கள் நிறையவே சுமந்திருக்கின்றன. மருந்தடிப்பு அதில் ஆக மோசமானது. முதுகில் தெளிப்பானைத் தூக்கிக்கொண்டு, பாராகுவாட் போன்ற களைக்கொல்லியை நாள் முழுக்க அடித்தவர்களில் பெரும்பகுதி பெண்கள், அவர்களிலும் தமிழ்ப் பெண்கள் ஏராளம். மூக்கில் ரத்தம், தோல் எரிச்சல், கண் பாதிப்பு, நகம் உதிர்தல் என்று அவர்கள் பட்டதை ஐரின் பெர்னாண்டஸ் தொடங்கிய தெனகானித்தா அமைப்பு இருபதாண்டுகளுக்கு முன்பே ஆய்வாக வெளியிட்டது. 2002-ல் அரசு பாராகுவாட்டைத் தடைசெய்வதாக அறிவித்தது. பிறகு அது தளர்த்தப்பட்டு, 2020 ஜனவரி 1-ல்தான் முழுத் தடை வந்தது. நடுவில் போன பதினெட்டு ஆண்டுகளை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

இன்று எம்எஸ்பிஓ சான்றிதழ் வேண்டுமென்றால், தோட்ட நிர்வாகம் தொழிலாளர் சட்டங்களைப் பின்பற்றுவதைத் தணிக்கையாளருக்குக் காட்டியாக வேண்டும். வாரத்துக்கு 45 மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் மிகைநேரக் கூலி. குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். 2025-ல் வந்த இந்த அளவு, டன் கணக்கில் கூலி வாங்குகிறவருக்கும் பொருந்தும். குலை குறைந்த மாதம் என்று காரணம் சொல்லி அதற்குக் கீழே கொடுக்க முடியாது. புரிகிற மொழியில் வேலை ஒப்பந்தம் வேண்டும். மருந்தடிப்பவருக்குப் பாதுகாப்பு உடையை நிர்வாகமே தர வேண்டும், சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. கர்ப்பிணிகளையும் பாலூட்டும் தாய்மாரையும் மருந்தடிக்க விடக் கூடாது. பங்களாதேசத்திலிருந்தோ இந்தோனேசியாவிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ வந்தவரின் கடவுச்சீட்டை முதலாளி பிடித்து வைத்திருப்பது 1966-ம் ஆண்டுக் கடவுச்சீட்டுச் சட்டப்படி குற்றம்.

காகிதத்தில் இருப்பதெல்லாம் லயத்து வீட்டு வாசல்வரை வந்துவிடுகிறது என்று சொல்ல மாட்டேன். 2020-ல் கட்டாய உழைப்புப் புகார்களின் பேரில் அமெரிக்கச் சுங்கத்துறை இரண்டு பெரிய மலேசிய நிறுவனங்களின் செம்பனை எண்ணெயைத் தடுத்து நிறுத்தியது. இரண்டிடமும் சான்றிதழ் பெற்ற தோட்டங்கள் இருந்தன. தணிக்கையாளர் வரும் நாளில் புது முகமூடி கொடுத்து, மறுநாள் வாங்கி வைத்துக்கொண்டால் அவருக்கு அது தெரியப்போவதில்லை. அதைச் சொல்லக்கூடியவர் வேலையாள் மட்டும்தான். தணிக்கையின்போது வேலையாட்களைப் பேட்டி காண்பது விதியின் ஒரு பகுதி. மேலாளரும் மண்டோரும் (மேற்பார்வையாளரும்) பக்கத்தில் நின்றால், "தனியாகப் பேச வேண்டும்" என்று கேட்கலாம். தோட்டத்தில் புகார் பதிவு முறை இருந்தே ஆக வேண்டும், புகார் கொடுத்தவரைப் பழிவாங்கக் கூடாது. அங்கே தீராவிட்டால் மாவட்டத் தொழிலாளர் இலாகாவுக்குப் போகலாம். சான்றிதழ் தொடர்பான புகார் என்றால் எம்எஸ்பிஓ அமைப்புக்கே நேரடியாக எழுதலாம். எந்தத் தோட்டம் எந்தத் தேதிவரை சான்றிதழ் வைத்திருக்கிறது என்பதை எம்எஸ்பிஓ அமைப்பின் இணையப் பதிவில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். புகார் எழுதும்போது அந்தச் சான்றிதழ் எண்ணைக் குறிப்பிட்டால், எந்தத் தோட்டம் என்பதில் குழப்பம் வராது.

சிறுதோட்டக்காரர்கள் துனாஸ் அதிகாரியைப் பார்க்கப் போகும்போது அடையாள அட்டை, பட்டா நகல், எம்பிஓபி உரிமம், கடைசி சில மாதங்களின் குலை ரசீதுகள் ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோங்கள். பட்டா வேறொருவர் பெயரில் இருந்தால், அவரோ வாரிசுகளோ எழுதித் தந்த ஒப்புதல் கடிதமும் சேர்த்து.