பாதுகாப்புத் துறையில் தகவல் தொடர்பு, ஐ.டி. அப்ரண்டிஸ்: சென்னையில் சேருவது எப்படி

"மிலிட்டரியில் கம்ப்யூட்டர் வேலைக்கு அப்ரண்டிஸ் எடுக்கிறார்களாமே?" என்று விசாரிப்பவர்களில் பாதிப் பேர் இரண்டு வேறு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். சிப்பாயாகச் சேர்ந்து, ராணுவத்தின் தகவல் தொடர்பைக் கவனிக்கும் சிக்னல்ஸ் பிரிவில் தொழில் கற்பது ஒன்று. பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையிலோ ஆய்வகத்திலோ சீருடை போடாமல் ஒரு வருடம் தொழில் பழகுவது இன்னொன்று. பிரிட்டன் ராணுவத்தில் இரண்டும் சேர்ந்தே நடக்கும். அதைப் பற்றிய வீடியோக்களைப் பார்த்துவிட்டு இங்கே தேடினால் கிடைக்காது. இங்கே தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டம், 1961 பொருந்துவது இரண்டாவது வழிக்குத்தான். சீருடைக்கான வழியின் பெயர் அக்னிவீர். அதைக் கடைசியில் பார்ப்போம்.

சென்னையில் இதற்கான இடங்கள் பெரும்பாலும் ஆவடியைச் சுற்றித்தான். டாங்கி தயாரிக்கும் கனரக வாகனத் தொழிற்சாலை, அதாவது எச்.வி.எஃப்., அங்கே இருக்கிறது. 2021 அக்டோபர் 1 முதல் இது ஆர்மர்ட் வெஹிக்கிள்ஸ் நிகாம் என்ற பொதுத்துறை நிறுவனத்தின் கீழ் வருகிறது. அர்ஜுன் டாங்கியை வடிவமைத்த சி.வி.ஆர்.டி.இ. ஆய்வகமும் ஆவடியில்தான். நந்தம்பாக்கத்தில் பாரத் எலக்ட்ரானிக்ஸின் சென்னைப் பிரிவு இருக்கிறது. ஒன்றைத் தெரிந்துகொண்டே போங்கள்: நந்தம்பாக்கத்தில் முக்கிய வேலை டாங்கிக்கான எலக்ட்ரானிக்ஸ். ராணுவ ரேடியோ தயாரிப்பைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டுமென்றால் அதே நிறுவனத்தின் பெங்களூரு ஜாலஹள்ளி ஆலைக்கு விண்ணப்பிக்க வேண்டும். சென்னையில் உங்கள் கைக்கு வருவது வயர் ஹார்னஸ் எனும் கம்பிக் கட்டு, கனெக்டர், சர்க்கியூட் போர்டு சோதனை, வளாகத்தின் நெட்வொர்க், கம்ப்யூட்டர் பராமரிப்பு ஆகியவைதான். தொழில் கற்க இவையே தாராளம்.

எந்தப் படிப்புக்கு எந்த வாசல்

ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்கு டிரேட் அப்ரண்டிஸ், பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்தவர்களுக்கு டெக்னீஷியன் அப்ரண்டிஸ், பட்டம் பெற்றவர்களுக்கு கிராஜுவேட் அப்ரண்டிஸ். முதல் வகைக்கு 'அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா' தளத்தில் பதிய வேண்டும், மற்ற இரண்டுக்கும் 'நாட்ஸ்' எனும் தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டத்தின் தளத்தில். தவறான தளத்தில் பதிந்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் நிறைய. நாட்ஸ் தளத்துக்கான தென்மண்டல அலுவலகம் தரமணியில் இருக்கிறது. தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் என்பது அதன் பெயர், சுருக்கமாக போட் என்பார்கள். டிரேட் அப்ரண்டிஸ் விவகாரங்களுக்கு, மத்திய அரசு நிறுவனங்களைப் பொறுத்தவரை, கிண்டியில் உள்ள மண்டலத் திறன் மேம்பாட்டு இயக்குநரகம்.

ஐ.டி.ஐ.யில் இந்தத் துறைக்குப் பக்கத்தில் வரும் பிரிவுகள் மூன்று. எலக்ட்ரானிக் மெக்கானிக் 2 வருடம். ஐ.சி.டி.எஸ்.எம். எனப்படும் தகவல் தொடர்புத் தொழில்நுட்ப அமைப்புப் பராமரிப்பும் 2 வருடம். இரண்டுக்கும் பத்தாம் வகுப்பில் கணிதம், அறிவியல் படித்திருக்க வேண்டும். மூன்றாவது கோபா, அதாவது கம்ப்யூட்டர் ஆபரேட்டர் படிப்பு, 1 வருடம். தகவல் தொடர்புக் கருவிகளைத் தொட்டு வேலை பார்க்க விரும்புபவர் முதல் இரண்டில் ஒன்றை எடுப்பதே புத்திசாலித்தனம் என்பது எங்கள் கருத்து. கோபா முடித்தவருக்கு இடம் கிடைக்கும், ஆனால் பெரும்பாலும் அலுவலக மேசை, எக்செல், கடிதத் தட்டச்சு என்றுதான் போகும். தமிழக அரசு ஐ.டி.ஐ.களில் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. ஆகவே 2 வருடம் படிக்கத் தயங்க வேண்டியதில்லை.

விண்ணப்பத்தில் எங்கே சறுக்குகிறது

தளத்தில் பதிவது முதல் படி மட்டுமே. பதிவு எண் வந்ததும் எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது. அந்த எண்ணை வைத்து, குறிப்பிட்ட நிறுவனம் வெளியிடும் அறிவிப்புக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அறிவிப்பில் முதலில் பார்க்க வேண்டியது தேர்ச்சி பெற்ற ஆண்டு. பட்டதாரி, டிப்ளமோ இடங்களுக்கு இத்தனை ஆண்டுகளுக்குள் முடித்திருக்க வேண்டும் என்று வரம்பு வைப்பார்கள். ஏற்கெனவே ஒருமுறை அப்ரண்டிஸ் முடித்தவரையும், ஒரு வருடமோ அதற்கு மேலோ வேலை அனுபவம் உள்ளவரையும் அந்த இடங்களுக்கு எடுக்க மாட்டார்கள். அனுபவம் கூடுதல் தகுதி என்று நினைத்து விண்ணப்பத்தில் அதை எழுதி, அதனாலேயே கழிந்துபோனவர்கள் உண்டு. அதற்காக மறைத்தும் எழுதாதீர்கள். பிறகு தெரிந்தால் ஒப்பந்தமே ரத்தாகும்.

அடுத்தது இனிஷியல். நம்மூருக்கே உரிய தலைவலி இது. மதிப்பெண் பட்டியலில் 'கார்த்திக் செ', ஆதாரில் 'கார்த்திக் செல்வம்', வங்கிப் புத்தகத்தில் 'செ. கார்த்திக்'. மூன்றும் ஒரே ஆள்தான் என்று நமக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி ஆதாரை முதலில் திருத்திவிட்டு, அதன் பிறகு தளத்தில் பதியுங்கள். பதிந்த பிறகு திருத்துவது இரண்டு மடங்கு அலைச்சல்.

தேர்வு முறை இடத்துக்கு இடம் மாறும். சில இடங்களில் மதிப்பெண் வரிசை மட்டும், சில இடங்களில் நேர்காணல். விசாகப்பட்டினம் கடற்படைக் கப்பல்தளத்தின் அப்ரண்டிஸ் பள்ளிக்கு எழுத்துத் தேர்வே உண்டு. பத்தாம் வகுப்பில் 50 சதவீதமும் ஐ.டி.ஐ.யில் 65 சதவீதமும் கேட்பார்கள். எலக்ட்ரானிக் மெக்கானிக் படித்தவர்கள் அதையும் ஒரு கண் பார்த்து வைக்கலாம். எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. இட ஒதுக்கீடு அப்ரண்டிஸ் சட்டத்திலேயே இருக்கிறது. ஓ.பி.சி. சான்றிதழ் மத்திய அரசுப் படிவத்தில் இருக்க வேண்டும். பள்ளியில் கொடுத்த பி.சி., எம்.பி.சி. அட்டையை நீட்டினால் பொதுப் பிரிவில்தான் சேர்ப்பார்கள்.

தேர்வானதும் காவல்துறைச் சரிபார்ப்பும் மருத்துவச் சான்றும் கேட்பார்கள். வாடகை வீட்டில் இருப்பவர்கள் ஆதார் முகவரியும் இப்போது குடியிருக்கும் முகவரியும் ஒன்றா என்று அதற்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பணம்

2019 விதிகளின்படி மாத உதவித்தொகையின் குறைந்தபட்சம்: ஐ.டி.ஐ. முடித்தவருக்கு 7,000 ரூபாய், டிப்ளமோவுக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000. பயிற்சி இரண்டாம் ஆண்டுக்குப் போனால் 10 சதவீதம் கூடும். இந்தத் தொகைகளை 36 சதவீதம் உயர்த்தலாம் என்று மத்திய தொழிற்பழகுநர் குழு 2025 மே மாதம் பரிந்துரைத்தது. விதி சொல்வது குறைந்தபட்சம்தான், நிறுவனம் விரும்பினால் கூடுதலாகவே தரலாம். ஆகவே அறிவிப்பில் அச்சடித்திருக்கும் எண்ணைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. கிடையாது, ஏனென்றால் சட்டப்படி நீங்கள் பயிற்சியாளர், தொழிலாளி அல்ல. பயிற்சியில் அடிபட்டால் மட்டும் தொழிலாளிக்குரிய இழப்பீடு உண்டு.

உதவித்தொகையில் அரசின் பங்கு வரும் இடங்களில் அது நேரடியாக உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும், நிறுவனத்தின் பங்கு தனியாக வரும். "கம்பெனி காசு வந்துவிட்டது, கவர்ன்மென்ட் காசு வரவில்லை" என்ற புகாருக்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். வங்கியில் ஆதார் எண்ணைக் கொடுத்திருப்பது வேறு, அரசுப் பணம் வருவதற்காக அந்தக் கணக்கை ஆதாரோடு இணைத்திருப்பது வேறு. முதலாவது இருந்தாலே போதும் என்று நினைக்கிறோம். இன்னொரு சிக்கலும் உண்டு: பணம் கடைசியாக எந்தக் கணக்கை இணைத்தீர்களோ அதற்குத்தான் போகும். பள்ளியில் ஸ்காலர்ஷிப்புக்காகத் தொடங்கி மறந்துபோன கணக்கில் பணம் சேர்ந்துகொண்டிருக்கலாம். ஆதார் தளத்தில் 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' என்று இருக்கிறது, ஓ.டி.பி. போட்டால் எந்த வங்கி என்று காட்டும். சேரும் முன்பே பாருங்கள்.

உள்ளே போன பிறகு

சேர்ந்ததும் ஒப்பந்தம் கையெழுத்தாகும். 7 நாட்களுக்குள் அது தளத்தில் ஏற வேண்டும். ஏறாத ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு பின்னால் சான்றிதழ் கேட்க முடியாது என்பதால், இரண்டாவது வாரமே உள்நுழைந்து ஒப்பந்த எண் வந்திருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. போன், பென் டிரைவ், ஸ்மார்ட் வாட்ச் எல்லாம் கேட்டிலேயே நின்றுவிடும். படம் எடுப்பது, வரைபடத்தை வீட்டுக்குக் கொண்டுபோவது எல்லாம் 1923ஆம் ஆண்டின் அலுவலக ரகசியச் சட்டத்தின் கீழ் வரும், விளையாட்டல்ல. எந்தப் பிரிவில் என்ன பார்க்கிறீர்கள் என்று இன்ஸ்டாகிராமில் போடுவதும் இதில் சேர்த்திதான்.

கற்கும் வேலைக்கு இரண்டு உதாரணம். நெட்வொர்க் கேபிளின் முனையில் ஆர்.ஜே.45 பிளக்கைப் பொருத்தும்போது கம்பிகளின் நிற வரிசை: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு. புதியவர்கள் செய்யும் தவறு, ஜோடி ஜோடியாக அழகாக அடுக்குவது. வெள்ளை பச்சைக்குப் பக்கத்தில் பச்சையை வைத்து இரண்டு முனையிலும் அப்படியே பொருத்தினால், மலிவான டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரியும். ஆனால் லைன் திணறும், காரணம் பிடிபடாது. வரிசையில் 3ஆவது, 6ஆவது இடங்களில் வரும் இரண்டு கம்பிகளும் முறுக்கிய ஒரே ஜோடியாக இருந்தால்தான் பக்கத்து ஜோடியின் இரைச்சல் அதில் ஏறாது. முறுக்கையும் அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்கக் கூடாது.

ஆப்டிகல் ஃபைபர் இன்னும் நுணுக்கம். மேலுறையை உரித்தால் உள்ளே 125 மைக்ரான் கண்ணாடி, அதன் நடுவில் ஒளி போகும் பாதை வெறும் 9 மைக்ரான். ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைத்து, கிளீவர் எனும் வெட்டுக்கருவியில் நறுக்கி, ஸ்ப்ளைசர் மெஷினில் இரண்டு முனையையும் மின்பொறியில் உருக்கி ஒட்ட வேண்டும். நல்ல ஒட்டில் இழப்பு 0.1 டெசிபெலுக்குக் கீழே இருக்கும். கூடுதலாகக் காட்டினால் மெஷினைத் திட்டாதீர்கள். பெரும்பாலும் நறுக்கிய முனை செங்குத்தாக இருக்காது, அல்லது துடைத்த பிறகு விரல் பட்டிருக்கும். சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றின் ஈரம் ஏறும்போது மின்பொறியின் சூடு மாறிவிடும். மெஷினில் ஆர்க் கேலிப்ரேஷன், அதாவது மின்பொறியின் அளவைச் சரிசெய்யும் சோதனையை ஓட்டிவிட்டு ஒட்டினால் சரியாகும். வெட்டி விழும் துண்டுகளைத் தனி டப்பாவில் போடுங்கள். கண்ணாடி முள் விரலில் ஏறினால் கண்ணுக்குத் தெரியாது, வலி மட்டும் தெரியும்.

ஒவ்வொரு நாளும் பார்த்த வேலையை லாக் புத்தகத்தில் எழுதி, சூப்பர்வைசர் கையெழுத்தை அந்த வாரமே வாங்குங்கள். ஜெராக்ஸ் எடுக்கவும் டீ வாங்கவும் மட்டுமே வைத்திருந்தால் கேட்பதற்கு உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அந்தப் புத்தகம்தான். பாடத்திட்டப்படி பயிற்சி தருவது நிறுவனத்தின் சட்டப்பூர்வக் கடமை. ஓவர்டைம் பார்க்கச் சொல்வதென்றால் தொழிற்பழகுநர் ஆலோசகரின், அதாவது இந்தச் சட்டத்தைக் கவனிக்கும் அரசு அதிகாரியின் அனுமதி வேண்டும். உதவித்தொகை வராவிட்டாலும் அவரிடமே எழுத்தில் கொடுக்க வேண்டும்: டிரேட் அப்ரண்டிஸ் கிண்டிக்கு, பட்டதாரியும் டிப்ளமோவும் தரமணிக்கு.

பாதியில் விட்டுப் போனால் கடைசியாக வாங்கிய உதவித்தொகையில் 3 மாத அளவை உங்களிடம் வசூலிக்கலாம். நிறுவனத்தின் தவறால் ஒப்பந்தம் முறிந்தால் அதே 3 மாதத் தொகையை அவர்கள் தர வேண்டும். சொல்லாமல் நின்றுவிடுவதைவிட ஆலோசகரிடம் விண்ணப்பித்து முறையாக விலகுவது மேல்.

பயிற்சி முடிந்ததும் டிரேட் அப்ரண்டிஸுக்கு அகில இந்தியத் தொழில் தேர்வு, தேறினால் என்.ஏ.சி. எனும் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ். மற்ற இருவருக்கும் போட் வழியாகச் சான்றிதழ். பயிற்சி முடிந்தவுடன் வேலை என்ற உத்தரவாதம் எங்கும் கிடையாது. பயிற்சி முடித்தவர்களை எடுப்பது பற்றி ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு கொள்கை வைத்திருக்க வேண்டும் என்று மட்டுமே சட்டம் சொல்கிறது. ஆனால் பொதுத்துறை டெக்னீஷியன் அறிவிப்புகளில் என்.ஏ.சி.யைத் தகுதியாகக் கேட்பது வழக்கம். அங்கேதான் இந்த ஒரு வருடம் பயன்படும்.

சீருடைதான் வேண்டும் என்பவர்களுக்கு

அக்னிவீர் டெக்னிக்கல் பிரிவுக்கு பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், கணிதம், ஆங்கிலம் படித்து மொத்தம் 50 சதவீதம், பாடத்துக்கு 40 சதவீதம் வாங்கியிருக்க வேண்டும். அல்லது பத்தாம் வகுப்போடு குறிப்பிட்ட ஐ.டி.ஐ., டிப்ளமோ படிப்பு. வயது பதினேழரையில் தொடங்குகிறது. முதலில் ஆன்லைன் எழுத்துத் தேர்வு, அதன் பிறகு ஓட்டம், மருத்துவம். வடதமிழகத்துக்கான ஆள்சேர்ப்பு அலுவலகம் புனித ஜார்ஜ் கோட்டையில் இருக்கிறது. சேவை 4 வருடம், முதல் ஆண்டுச் சம்பளம் மாதம் 30,000, அதில் கைக்கு 21,000. நான்கு வருடம் முடிந்ததும் அதிகபட்சம் 25 சதவீதம் பேரை நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். எந்தப் படைப்பிரிவு என்பதை ராணுவம்தான் முடிவு செய்யும். சிக்னல்ஸ்தான் வேண்டும் என்று எழுதிக்கொடுத்து வாங்க முடியாது. அந்தப் பிரிவு கிடைத்தால் பயிற்சி ஜபல்பூரிலோ கோவாவிலோ இருக்கும்.

வயது வரம்பு ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு வருட அப்ரண்டிஸில் சேருகிறவர்கள் காலண்டரை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள். ஒப்பந்தம் முடியும் தேதிக்கும் உங்கள் வயது வரம்பு முடியும் தேதிக்கும் நடுவில் குறைந்தது ஒரு ஆள்சேர்ப்பு அறிவிப்பாவது வர வேண்டும். அது ஆண்டுக்கு ஒருமுறை வரும் விஷயம்.