வளவுக்குக் குறுக்கே இழுக்கும் ரோப்பை முறுக்காதீர்கள்

மறுபடியும் ஒரு செட்டிநாட்டு வீட்டில் கொக்கி சுவரோடு பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறது. முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்துவிட்டது. அந்தப் பூச்சை அதே பளபளப்போடு திரும்பப் போட இன்று ஆள் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று காரைக்குடிப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இத்தனைக்கும் காரணம், சாந்தி கல்யாணத்துக்காக (அறுபதாம் கல்யாணம்) வளவின், அதாவது வீட்டு நடு முற்றத்தின், குறுக்கே சீரியல் விளக்குப் போட இழுத்த ஒரு ஸ்டீல் கம்பி ரோப்.

“தொய்வில்லாமல் நேராக நிற்க வேண்டும், அதுதான் சுத்தமான வேலை” என்கிறார்கள். வீட்டுக்காரரும் சொல்கிறார், பந்தல்காரரும் சொல்கிறார். இதைத்தான் முதலில் கைவிட வேண்டும். எடையுள்ள எந்தக் கம்பியும் நேராக நிற்காது. ரோப்பும் விளக்குமாகச் சேர்ந்து 6 கிலோ என்றால், ஒவ்வொரு முனையும் 3 கிலோவை மேல்நோக்கித் தாங்கியாக வேண்டும். கிடைமட்டமாக இழுக்கும் கம்பியால் எதையும் மேலே தூக்க முடியாது. முனையில் சரிவு இருந்தால்தான் தூக்க முடியும். சரிவைக் குறைக்கக் குறைக்க, அதே 3 கிலோவைத் தூக்க இழுவிசை ஏறிக்கொண்டே போகும். முழுக்க நேராக்க வேண்டுமானால் எந்த இழுவிசையும் போதாது. சுவர்தான் முதலில் போகும்.

கணக்கைப் பாருங்கள். 12 மீட்டர் வளவு, மீட்டருக்கு அரை கிலோ எடை. நடுவில் 60 செ.மீ. தொய்வு விட்டால் இழுவிசை 15 கிலோ. 12 செ.மீ. விட்டால் 75 கிலோ. 3 செ.மீ.க்கு இறுக்கினால் 300 கிலோ! மீட்டருக்கான எடையை நீளத்தின் வர்க்கத்தால் பெருக்கி, தொய்வின் எட்டு மடங்கால் வகுத்தால் இந்த விடை வரும். ரோப் பரவளையமாக (parabola) வளைகிறது என்று வைத்துப் போட்ட கணக்கு இது. தொங்கும் சங்கிலியின் சரியான வளைவை 1691இல் கணித மேதைகள் ஹைகன்ஸ், லைப்னிட்ஸ், யோஹான் பெர்னூலி மூவரும் கண்டு சொன்னார்கள். அது பரவளையம் அல்ல. ஆனால் இவ்வளவு குறைந்த தொய்வில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, பரவளையக் கணக்கே போதும்.

60 செ.மீ. தொய்வுக்கு ரோப் கூடுதலாக வேண்டியது வெறும் 8 செ.மீ. 12 செ.மீ. தொய்வுக்கோ சுமார் 3 மி.மீ.தான். ரோப்பை இறுக்க மாட்டும் திருகான டர்ன்பக்கிளை, அது 12 மி.மீ. மரை போட்டதானால், ஒரு சுற்றுச் சுற்றினாலே 3.5 மி.மீ. உள்ளே போய்விடும். அந்த நிலையில் “இன்னும் ஒரு சுற்று” என்பது எவ்வளவு ஆபத்து என்று புரிகிறதா? போதாததற்கு, பங்குனி மதியத்தில் கட்டிய ரோப் விடியற்காலையில் 15 டிகிரி இறங்கினால் 2 மி.மீ.க்கு மேல் சுருங்கும். ராத்திரி நன்றாக இருந்த கொக்கி காலையில் தளர்ந்திருப்பது அதனால்தான்.

நடுவில் பூச்சரமோ சரவிளக்கோ தொங்கவிடவே வேண்டாம். 10 கிலோவைத் தொங்கவிட்டு, இறங்கிவிட்டதே என்று மறுபடி 12 செ.மீ.க்கு முறுக்கினால் அதற்கு மட்டுமே 250 கிலோ இழுவிசை சேரும்.

வளவுக்குக் குறுக்கே இழுக்கும் ரோப்பைத் தேக்குத் தூணின் தலையில் கட்டாதீர்கள். அது கூரையின் பாரத்தைக் கீழே இறக்க நிறுத்தியது, பக்கவாட்டு இழுப்புக்கு அல்ல. பழைய சுண்ணாம்புச் சுவரில் ஆங்கர் போல்ட்டும் வேண்டாம், செங்கல் பிளந்துவிடும். மாடி ஜன்னல் வழியாக ரோப்பை உள்ளே விட்டு, உட்புறம் 2 இன்ச் ஜி.ஐ. பைப்பைக் குறுக்கே வையுங்கள். பைப் இரண்டு பக்கமும் ஓர் அடியாவது சுவரில் படிய வேண்டும், ஜன்னல் நிலையில் அல்ல. இடையில் பலகையும் சாக்கும் வையுங்கள். ரோப்பின் முனையை வளையமாக மடித்து, உள்ளே திம்பிள் (வளைவைக் காக்கும் இரும்புக் காடி) போட்டு, மூன்று யூ கிளாம்ப் மாட்டுங்கள். 6 மி.மீ. ரோப்புக்கு 4 செ.மீ. இடைவெளி. கிளாம்பின் சேணம் (ரோப் பதியும் அடிக்கட்டை) பாரம் தாங்கும் பக்கம், யூ வளைவு வெட்டுமுனைப் பக்கம். இதை மாற்றிப் போடுபவர்கள்தான் அதிகம், தயவுசெய்து ஒருமுறை நின்று பாருங்கள். விளக்கு வயர் பாரம் தாங்கக் கூடாது, ரோப்பில் கேபிள் டை போட்டுத் தொங்க வேண்டும்.

மாடி இல்லாத வீட்டில் குறுக்கே இழுக்கவே வேண்டாம். தாழ்வாரத்தை ஒட்டித் தூணுக்குத் தூண் தோரணமாக விடுங்கள். 3 மீட்டர் இடைவெளி, 15 செ.மீ. தொய்வு என்றால் இழுவிசை 4 கிலோவைத் தாண்டாது. நடுத் தூண்களில் இருபுற இழுப்பும் ஈடாகிவிடும், மூலைத் தூண்களை மட்டும் கவனித்தால் போதும்.

துணிப்பந்தலுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. காற்றின் விசை வேறு. அதை வீட்டுச் சுவரில் கட்டாமல் தனிக் கால் நட்டுக் கட்டச் சொல்லுங்கள்.