மேட் இன் இந்தியா என்று அச்சடித்தால் தீர்வை குறையாது

"பெட்டியில் மேட் இன் இந்தியா என்று இருக்கிறதே, பிறகு ஏன் முழுத் தீர்வை கேட்கிறார்கள்?" கொழும்பின் புறக்கோட்டைக் கடைத்தெருவில் இறக்குமதியாளர்களின் இந்தக் கேள்வி ஓய்வதேயில்லை. அதுவும் கொள்கலன் முடங்கி, துறைமுக வாடகையும் கப்பல் கம்பனியின் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணமும் தனித்தனியாக ஏறிக்கொண்டிருக்கும்போதுதான் கேட்கிறார்கள். ஓடர் கொடுக்க முன்னர் கேட்கக் கூடாதா?

2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்திய–இலங்கை சுதந்திர வர்த்தக ஒப்பந்தத்தில் தீர்வைச் சலுகை கிடைக்க, பொருள் இந்தியாவில் உருவாகியிருக்க வேண்டும். அங்கிருந்து நேராக வந்தும் இருக்க வேண்டும். இரண்டாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். துபாய்க் கிடங்கில் இந்தியச் சரக்கு மலிவாகக் கிடைக்கிறதென்று அங்குள்ள ஜெபல் அலித் துறைமுகத்தில் ஏற்றுவிக்கிறார்கள். அந்தச் சரக்கு அங்கே கைமாறி வியாபாரத்துக்குள் போய்விட்டது. இந்தியாவில் செய்ததென்று சத்தியம் பண்ணினாலும் சலுகை கிடையாது.

சிங்கப்பூரில் கப்பல் மாறுவது வேறு விஷயம். பயணப் பாதைக்காக மாறலாம். ஆனால் அங்கே இறக்கி ஏற்றுவதும் பழுதாகாமல் பேணுவதும் மட்டும்தான் நடக்கலாம். லேபல் மாற்றுவது, பெட்டி பிரித்து வேறு பொதி போடுவது எதுவும் ஆகாது. இதைக் காட்ட இந்தியத் துறைமுகத்தில் தொடங்கிக் கொழும்பில் முடியும் ஒரே பில் ஆஃப் லேடிங், அதாவது கப்பல் சரக்குச் சீட்டு, வேண்டும். பல பேருடைய சரக்கு ஒரே கொள்கலனில் வரும்போது, இடையில் உள்ள முகவர் புதுப் பில் போட்டால் அந்தத் தொடர்ச்சி அறுந்துவிடும். முன்பே எழுத்தில் கேட்டு வையுங்கள்.

சீனப் பொருளைச் சென்னையில் பொதி செய்தாலும் அது இந்தியப் பொருளாகாது. வெளி மூலப்பொருள் கலந்திருந்தால், ஏற்றுமதி விலையில் குறைந்தது 35 சதவீதப் பெறுமதி அங்கே சேர்ந்திருக்க வேண்டும், சுங்கம் பொருளை வகைப்படுத்தும் நாலிலக்க எச்.எஸ். தலைப்பும் மாறியிருக்க வேண்டும்.

மூலநாட்டுச் சான்றிதழின் நகலை ஏற்றுமதியாளரிடம் முதலே வாங்குங்கள். இன்வாய்ஸ் இலக்கம், நிறை, எச்.எஸ். குறியீடு மூன்றையும் இன்வாய்ஸோடும் பில் ஆஃப் லேடிங்கோடும் ஒப்பிடுங்கள். ஒரு இலக்கம் பிசகினாலும் விசாரணைதான். சலுகை இல்லாத பொருட்களைச் சொல்லும் இலங்கையின் எதிர்மறைப் பட்டியலில் பொருள் இருந்தால் சான்றிதழாலும் பயனில்லை.

தீர்வை பூச்சியமானாலும் 18 சதவீத வற் வரி நிற்கும். அதைக் கணக்கில் சேர்க்காமல் விலை பேசாதீர்கள்.

சிறு வியாபாரிகளிடம் ஒரு வேண்டுகோள்: முற்பணம் அனுப்ப முன், இன்வாய்சின் மாதிரியையும் கப்பல் பாதையையும் சுங்க வேலையை முடித்துத் தரும் உங்கள் வாஃப் கிளார்க்கிடம் ஒருமுறை காட்டுங்கள். சரக்கு ஏறிய பிறகு பாதையை மாற்ற அவராலும் முடியாது.