பிச்சிப்பூப் பொதியும் மூளையின் கணக்கும்

தக்கலை வாசகர் ஒருவர் கேட்கிறார்: "என் மனைவிக்குச் சின்னச் சின்னப் பரிசுகள் என்றால் உயிர். ஒரு நாள் வேலை முடிந்து வரும் வழியில் தோவாளையில் பிச்சிப்பூ வாங்கிச் சென்றேன், முகம் மலர்ந்தாள். பிறகு தினமும் வாங்கினேன். அந்த மலர்ச்சி இல்லை. ஒரு நாள் மறந்துபோனேன், வாடிவிட்டாள். அன்பு குறைந்துவிட்டதா?"

குறையவில்லை. அவர் சொல்லும் மூன்று நிலைகளும், அதே வரிசையில், ஆய்வுக்கூடத்தில் பதிவானவை.

நரம்பணுக்கள் வேதிப்பொருள்கள் வழியே பேசிக்கொள்கின்றன என்பதும், டோபமைன் அவற்றுள் ஒன்று என்பதும் நாம் அறிந்தவையே. சுவிட்சர்லாந்தின் ஃபிரிபோர்க் பல்கலைக்கழகத்தில் வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ், குரங்குகளின் நடுமூளையில் நுண்ணிய மின்முனையைச் செலுத்தி, டோபமைன் சுரக்கும் நரம்பணுக்களின் மின்துடிப்பை ஒவ்வொன்றாகப் பதிவு செய்தார். எதிர்பாராத நேரத்தில் ஒரு சொட்டுப் பழச்சாறு நாவில் விழுந்ததும் அணுக்கள் படபடவெனத் துடித்தன. சாற்றுக்குச் சற்று முன்பு ஒரு விளக்கை எரியவிட்டுப் பழக்கியபோது, துடிப்பு மெல்ல விளக்குக்கு இடம்பெயர்ந்தது; சாறு வந்த கணத்தில் அணுக்கள் வழக்கமான தாளத்திலேயே இருந்தன. விளக்கு எரிந்தும் சாறு வராதபோதோ, அது வந்திருக்க வேண்டிய அதே கணத்தில் துடிப்பு அடங்கியது. வராத ஒன்றின் நேரத்தைக்கூட மூளை குறித்து வைத்திருந்தது என்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இந்த அணுக்கள் அளப்பது பரிசை அன்று. கிடைத்ததற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள வித்தியாசத்தை. இதை ஷுல்ட்ஸ், பீட்டர் டயான், ரீட் மாண்டேக் ஆகியோர் 1997-இல் கணித வடிவில் விளக்கினர். மனித மூளையை ஸ்கேன் செய்த ஆய்வுகளிலும் இதே வகைக் குறிப்பு தென்பட்டுள்ளது. வாசகர் வீட்டில் இப்போது வாசலில் கேட்கும் வண்டிச் சத்தமே அந்த விளக்காகியிருக்கும். பூப்பொதியை அவிழ்க்கும்போது வித்தியாசம் எதுவும் மிஞ்சுவதில்லை.

ஷுல்ட்ஸ் முதலில் தேடியது பார்க்கின்சன் நோயில் தடைப்படும் உடலசைவுக்கான குறிப்புகளை, கண்டதோ இதை. ஆய்வுக்கு நிதி கேட்பவரிடம் முடிவை முன்கூட்டியே எழுதித் தரச் சொல்லும் வழக்கம் நீடித்தால், இத்தகைய கண்டுபிடிப்புகள் நம் நாட்டில் பிறப்பது அரிது என்றே நான் கருதுகிறேன்.

விலையைக் கூட்டினால் சரியாகுமா? 2009-இல் வெளியான ஓர் ஆய்வில் பிரான்சிஸ் ஃபிளினும் கேப்ரியல் ஆடம்ஸும் நிச்சயதார்த்த மோதிரங்களை எடுத்துக்கொண்டனர். விலை கூடினால் பாராட்டும் கூடும் என்று கொடுத்தவர்கள் நம்பினர். பெற்றவர்களின் மனத்தில் அத்தகைய தொடர்பு காணப்படவில்லை.

கூட்ட வேண்டியது வேறொன்று. 2017-இல் எலிகளிடம் நடந்த ஆய்வில், சாக்லேட் சுவைப் பாலை எதிர்பார்த்த எலிக்கு அதே அளவு வெனிலா சுவைப் பால் கிடைத்தபோது, மதிப்பு மாறாதிருந்தும் டோபமைன் அணுக்கள் துடித்தன. அளவு ஏறவில்லை, வகை மாறியது. அதுவே போதுமானதாக இருந்தது. எனவே வாசகர் ஒரு மாலையில், பிச்சிப்பூவுக்குப் பதிலாக ஒரு சீப்பு மட்டிப்பழமோ, மனைவி என்றோ பேச்சுவாக்கில் ஆசைப்பட்ட முந்திரிக்கொத்தோ வாங்கிச் சென்று பார்க்கலாம்.