இரண்டாம் தடவை மார்க் கூடினால் குணமாகிவிட்டதா?

"சார், போன தடவையை விட மார்க் கூடியிருக்கே. இனி இவரு ரப்பர் பால்வெட்டுக்குப் போலாமா?"

குலசேகரம் பக்கத்திலிருந்து நாகர்கோவிலுக்குக் கணவரை அழைத்து வந்த பெண் கேட்டார். பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவர். ஆறு வாரம் முன்பு கவனம், வேகம், நினைவாற்றல் பார்க்கும் கணினிச் சோதனைகளைச் செய்தோம். இப்போது அதே சோதனைகள் மறுபடியும். மார்க் கூடியது உண்மைதான். ஆனால் அவர் வாழ்க்கையில் மவுஸைத் தொட்டதே அந்த முதல் சோதனையில்தான். அம்புக்குறியைத் தேடியே பாதி நேரம் போனது. கணினிக்கு அது தெரியாது. மூளை மந்தம் என்றே கணக்கு வைக்கும்.

மூளையில் ஒரு மாற்றமும் இல்லாமலே பழக்கத்தால் மதிப்பெண் ஏறுவதைப் பயிற்சி விளைவு என்கிறோம். பெரும்பாலும் முதல் தடவைக்கும் இரண்டாவதுக்கும் இடையில்தான் பெரிய ஏற்றம். சொல்லறிவுச் சோதனையில் இது குறைவு, வேகம் பார்ப்பதில் அதிகம். மறைந்திருக்கும் விதியைக் கண்டுபிடிக்கச் சொல்லும் விஸ்கான்சின் சீட்டுச் சோதனை இன்னும் மோசம். விடை தெரிந்த விடுகதையை யாரிடம் போடுவது? திரையில் எண் தெரிந்ததும் பொத்தானை அழுத்தும் 10 நிமிட விழிப்புச் சோதனையில் மட்டும் பழக்கத்தின் பங்கு மிகக் குறைவு. தூக்கமின்மை ஆய்வுகளில் அதையே திரும்பத் திரும்ப வைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

கேள்விகளை மாற்றிவிடலாமே என்பார்கள். சரி, சொற்பட்டியலை மாற்றலாம். சொற்களை வகை பிரித்து மனதில் வைக்க அவரே கண்டுபிடித்த வித்தையை என்ன செய்வது?

தொழிலுக்கு வந்த புதிதில் இப்படியொரு ஏற்றத்தை நம்பி 'நல்ல முன்னேற்றம்' என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். இப்போது முதல் சுற்றைப் பழகுவதற்கே விட்டு, இரண்டாவதைத்தான் அடிப்படையாக எடுக்கிறேன். சராசரிப் பயிற்சி ஏற்றத்தைக் கழித்துப் பார்க்கும் கணக்கு முறைகளும் உண்டு. வயதானவர்களிடம் தலைகீழ்: பழகியும் மார்க் ஏறவே இல்லையென்றால் அதுதான் எனக்குக் கவலை.

"வீட்டில் கணினி, போன் ஏதாவது பழகினாரா?" என்று கேட்டேன்.

"மகன் போன்ல மூளை விளையாட்டு போட்டுக் கொடுத்தான் சார். தினமும் அதுதான்."

ஆசையாய்ச் செய்தது, திட்ட மனம் வரவில்லை. பால்வெட்டு விடியுமுன், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு செய்யும் வேலை. கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கினாலும் மரம் கெடும். "வெளிச்சம் வந்தபிறகு பத்து மரம் மட்டும் வெட்டட்டும்மா, தம்பி கூடவே நிற்கட்டும். எத்தனை மரத்தில் காயம் விழுந்தது என்று எண்ணிக்கொண்டு வாருங்கள்" என்றேன்.