இருமல் மூலிகைகளும் நீங்கள் போடும் மாத்திரைகளும்

மழைக்காலம் வந்துவிட்டால், ஆடாதோடை, அதிமதுரம், திப்பிலி மூன்றையும் நாட்டு மருந்துக் கடையில் வாங்கிப் பொடித்துச் சாப்பிட்டும் இருமல் நிற்கவில்லை என்று பலர் என்னிடம் வருவார்கள். சித்த மருத்துவராக நான் முதலில் கேட்பது, "வேறு என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்பதுதான். "மூலிகைதானே டாக்டர், என்ன செய்துவிடும்?" என்பார்கள்.

நிறையவே செய்யும். ஆடாதோடை இலையில் உள்ள வாசிசின் என்ற வேதிப்பொருள் மூச்சுக்குழாயை விரித்துச் சளியை இளக்கும். அதை அடிப்படையாக வைத்து உருவானதுதான் சளி சிரப்புகளில் இருக்கும் புரோம்ஹெக்சின். அதே வாசிசின் கருப்பையைச் சுருங்கவும் வைக்கும் என்பதால் கர்ப்பிணிகள் ஆடாதோடைக் கஷாயம் குடிக்கவே கூடாது.

எனக்கு அதிகக் கவலை தருவது அதிமதுரம். தொண்டைக் கரகரப்புக்கு நாலைந்து நாள் ஒரு சிறு துண்டை வாயில் அடக்கிக்கொள்வதில் பெரும்பாலோருக்குச் சிக்கல் இல்லை. இனிப்பாக இருக்கிறதே என்று சிலர் மாதக்கணக்கில் தொடர்கிறார்கள். அதில் உள்ள கிளிசரைசின் என்ற பொருள், சிறுநீரகத்தில் கார்ட்டிசால் என்ற ஹார்மோனை அடக்கிவைக்கும் நொதியைத் தடுத்துவிடும். அதனால் உடலில் உப்பும் நீரும் தங்கும், பொட்டாசியம் வெளியேறும். ரத்த அழுத்தம் ஏறும், கால் வீங்கும், தசை தளரும், இதயத் துடிப்புகூடத் தடுமாறலாம். நீர் பிரியும் மாத்திரையோ, இதய நோய்க்கான டிகாக்சினோ சாப்பிடுகிறவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். மாத்திரை ஒழுங்காகப் போட்டும் பிரஷர் இறங்கவில்லை என்பவர்களைத் துருவிக் கேட்டால், சில சமயம் அதிமதுரப் பொடி வெளிவரும். நிறுத்திய பிறகும் சீராகச் சில வாரங்கள் ஆகலாம்.

அப்புறம் திப்பிலி. மிளகில் இருக்கும் பைப்பரின்தான் இதிலும் இருக்கிறது. மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளை அது மந்தமாக்குவதால், கூடச் சாப்பிடும் மருந்து ரத்தத்தில் அதிகமாகச் சேரும். ஜம்முவில் உள்ள சிஎஸ்ஐஆர் (மத்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பு) ஆய்வகம் இதை நல்லதுக்கே பயன்படுத்தியது. காசநோய்க்கான ரிஃபாம்பிசின் 450 மி.கி. கொடுக்கும் இடத்தில், 10 மி.கி. பைப்பரின் சேர்த்து 200 மி.கி. போதும் என்ற கூட்டு மருந்து 2009இல் இந்தியாவில் வந்தது. ஆனால் வலிப்புக்கு ஃபெனிட்டாயின் சாப்பிடுகிறவருக்கு இதே குணம் தலைசுற்றலையும் தள்ளாட்டத்தையும் கொண்டுவரலாம். ரசத்து மிளகுக்குப் பயப்பட வேண்டாம். தினமும் ஸ்பூன் கணக்கில் திப்பிலிப் பொடி விழுங்குவதைத்தான் சொல்கிறேன்.

இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் பொடியை மாற்றி மாற்றிப் பார்க்காதீர்கள். அரசு மருத்துவமனையில் காசநோய்க்கான சளிப் பரிசோதனை இலவசம். போகும்போது, சாப்பிட்டுவரும் பொடிகளின் பெயரையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.