இங்கிலாந்தில் முதல் வீடு: ஊர்ச் சொத்தில் பங்கு இருந்தால் ஸ்டாம்ப் டியூட்டி எவ்வளவு?

இங்கிலாந்தில் வீடு வாங்கும்போது வீட்டு விலைக்கு மேல் அரசுக்குக் கட்ட வேண்டிய வரி ஸ்டாம்ப் டியூட்டி. முதல் வீடு வாங்குவோருக்கு இதில் நல்ல சலுகை உண்டு. ஆனால் 'இந்த நாட்டில் இதுதான் என் முதல் வீடு' என்பது அதற்குப் போதாது. உலகத்தில் எங்கேயும், எந்தக் காலத்திலும், உங்கள் பெயரில் ஒரு குடியிருப்பு வீடோ அதில் ஒரு பங்கோ இருந்திருக்கக் கூடாது. நம்மவர்கள் பலர் இடறுவது இங்கேதான்.

பணக்கணக்கைப் பார்த்தால் விஷயத்தின் கனம் புரியும். சின்ன ஊர் ஒன்றின் ஓரத்தில், முட்டுத் தெருவில், மூன்று படுக்கையறை செமி வீடு (ஒரு பக்கச் சுவர் அடுத்த வீட்டோடு ஒட்டியது); விலை 3,40,000 பவுண்டு என்று வையுங்கள். 2025 ஏப்ரல் 1 முதல் உள்ள விகிதப்படி, முதல் வீட்டுக்காரருக்கு 3 லட்சம் வரை வரி இல்லை, அதற்கு மேல் 5 லட்சம் வரை 5%. ஆக 40,000-க்கு மட்டும் வரி: 2,000 பவுண்டு. சலுகை இல்லாதவருக்கு முதல் 1,25,000-க்கு வரி இல்லை, 2,50,000 வரை 2%, அதற்கு மேல் 9,25,000 வரை 5%. அதே வீட்டுக்கு 7,000 ஆகிறது. வேறு வீடும் கையில் வைத்திருப்பவருக்கு முழு விலைக்கும் கூடுதலாக 5% சேரும், மொத்தம் 24,000. ஒரே தெரு, ஒரே வீடு, மூன்று விதமான பில். இதை மார்ட்கேஜ் (வீட்டுக் கடன்) தராது. டெபாசிட்டுக்கு மேல் சேமிப்பிலிருந்துதான் எடுத்து வைக்க வேண்டும்.

வீட்டு விலை 5 லட்சத்தை ஒரு பவுண்டு தாண்டினாலும் முதல் வீட்டுச் சலுகை முழுதாகப் போய்விடும். சரியாக 5 லட்சம் என்றால் வரி 10,000. கொஞ்சம் தாண்டினால் 15,000-க்கு மேல். பேரம் பேசும்போது இது நினைவில் இருக்கட்டும். 4,25,000 வரை வரி இல்லை என்று சொல்லும் பழைய பக்கங்கள் இணையத்தில் இன்னும் கிடக்கின்றன. அது 2025 மார்ச் 31-உடன் முடிந்த கதை.

இப்போது ஊர்ச் சொத்துக்கு வருவோம். வீடு வாங்கும் சட்ட வேலையைப் பார்க்கும் வக்கீலான சொலிசிட்டர் அனுப்பும் படிவத்தில் ஒரு கேள்வி இருக்கும்: நீங்கள் இதற்கு முன் உலகில் எங்காவது வீடு வைத்திருந்தீர்களா, வாரிசாகவோ தானமாகவோ கிடைத்ததையும் சேர்த்து? இரண்டே கட்டங்கள், ஆம் அல்லது இல்லை. அப்பா உயில் எழுதாமல் போனார், ஊர் வீடு அம்மாவுக்கும் மூன்று பிள்ளைகளுக்குமாக நிற்கிறது, பட்டா இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது என்ற நிலையில் பலர் 'இல்லை' என்று டிக் போட்டுவிடுகிறார்கள். பட்டா மாறவில்லை என்பதால் உங்களுக்குப் பங்கு இல்லை என்று ஆகிவிடாது. தாத்தா சின்ன வயதில் உங்கள் பெயருக்கு எழுதிவைத்த செட்டில்மென்ட் வீடும், யாழ்ப்பாணத்தில் மகள் பெயருக்கு எழுதிக் கொடுத்த சீதன வீடும் இதே கணக்கில்தான் சேரும். விற்று இருபது வருடம் ஆகியிருந்தாலும் மாற்றமில்லை. வெறும் வயல், காலி மனை, கடை ஆகியவை குடியிருப்பு இல்லை. அவற்றால் சலுகை போகாது. அம்மா அப்பா உயிரோடு இருந்து, வீடு அவர்கள் பெயரில் இருந்தால் நாளைக்கு வரப்போகும் பங்கு கணக்கில் இல்லை.

சலுகை போவதும் கூடுதல் 5% விழுவதும் வேறு வேறு சோதனைகள். இந்த வித்தியாசம் தெரியாமல் தேவைக்கு மேல் பயப்படுகிறவர்களும் உண்டு. முதல் வீட்டுச் சலுகைக்குப் பங்கு எவ்வளவு சின்னது என்ற பேச்சே கிடையாது. கூடுதல் 5%-க்கு, புது வீடு வாங்கும் நாளின் முடிவில் உங்கள் கையில் உள்ள பங்கின் மதிப்பு 40,000 பவுண்டு அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். ஒரு லட்சம் பவுண்டு பெறும் வீட்டில் கால் பங்கு என்றால் 25,000தான். கூடுதல் வரி வராது. பாதிக்கு மேற்படாத பங்கு வாரிசாக வந்து மூன்று வருடம் ஆகவில்லை என்றாலும் பொதுவாக அதை விட்டுவிடுவார்கள். அண்ணனுக்கோ தங்கைக்கோ விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டால் கூடுதல் 5% நீங்கும், ஆனால் முதல் வீட்டுச் சலுகை திரும்பி வராது. வரிக்காக மட்டும் ஊர்ப் பங்கை அவசரமாக எழுதிக் கொடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். பங்கை வைத்திருந்தால் எவ்வளவு, கொடுத்துவிட்டால் எவ்வளவு என்று முதலில் இரண்டு கணக்கையும் எழுதிப் பாருங்கள்.

கணவன் மனைவி விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். இருவர் பெயரில் வாங்கினால் இருவருமே முதல் வீட்டுக்காரராக இருக்க வேண்டும். கணவர் முன்பு ஒரு ஃபிளாட் வாங்கி விற்றுவிட்டார், இப்போது எதுவும் இல்லை என்றால், மனைவி தன் பெயரில் மட்டும் வாங்கிச் சலுகை பெறலாம். ஆனால் கணவர் பெயரில் இன்றும் சென்னையில் 40,000 பவுண்டுக்கு மேல் பெறுகிற வீடு இருந்தால், சேர்ந்து வாழும் தம்பதியை ஒரே ஆளாகப் பார்ப்பார்கள். கூடுதல் 5% விழும், சலுகையும் கிடையாது. கடனுக்கு உதவியாக அப்பாவையோ மாமாவையோ பத்திரத்தில் சேர்த்தாலும் இதே சிக்கல்தான். கடனில் மட்டும் அவர் பெயர் இருந்து, வீட்டு உரிமையில் இல்லாதபடி சில வங்கிகள் மார்ட்கேஜ் தருகின்றன. மார்ட்கேஜ் தரகரிடம் அதைக் கேளுங்கள்.

ஊரில் நீங்களே குடியிருந்த வீட்டை விற்றுவிட்டு இங்கே வாங்குகிறவர்களுக்கு ஒரு வழி உண்டு. விற்ற மூன்று வருடத்துக்குள் இங்கே வாங்கினால், வேறு சொத்து இருந்தாலும் கூடுதல் 5% இல்லை. முதலில் இங்கே வாங்கி, மூன்று வருடத்துக்குள் அந்த வீட்டை விற்றால், கட்டிய கூடுதலைத் திரும்பக் கேட்கலாம். வாடகைக்கு மட்டுமே விட்டிருந்த வீட்டுக்கு இது பொருந்தாது. வாங்குவதற்கு முந்தைய மூன்று வருடத்துக்குள் நீங்கள் அதில் குடியிருந்திருக்க வேண்டும். வந்து கொஞ்ச நாளே ஆனவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். வாங்குவதற்கு முந்தைய 12 மாதத்தில் 183 நாளாவது பிரிட்டனில் இல்லாவிட்டால் தனியாக 2% சேரும்.

இந்த விதிகள் இங்கிலாந்துக்கும் வட அயர்லாந்துக்கும்தான். ஸ்காட்லாந்து, வேல்ஸில் வரியே வேறு. சாவி கைக்கு வந்த 14 நாளுக்குள் வரிக் கணக்கு தாக்கலாகி வரி கட்டியாக வேண்டும். சொலிசிட்டர்தான் தாக்கல் செய்வார், ஆனால் அதில் உள்ளதற்குப் பொறுப்பு உங்களுடையது. தவறானால் வட்டியும் அபராதமும் உங்கள் பெயருக்குத்தான் வரும். ஆகவே ஊர்ச் சொத்து பற்றி அவர் கேட்கும் வரை காத்திருக்காமல், விலை பேசும் முன்பே பத்திர நகல்களோடு எழுதிக் கேளுங்கள். தகுதி இருந்தும் சலுகை கேட்க விட்டுப்போனால், தாக்கலுக்கான கடைசி நாளிலிருந்து 12 மாதத்துக்குள் கணக்கைத் திருத்திப் பணத்தைத் திரும்பப் பெறலாம்.